ஐரோப்பியக் கடனும் நம் கைவெள்ளியும்

(ஜொகூர் மாநிலம், குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றின் மண்டபத்தில் நடைபெற்ற சேமிப்பு விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டுள்ள பொருள் உங்களுக்குச் சற்றே அயலானதாகத் தோன்றலாம். ஐரோப்பிய நாடுகள் கடனில் சிக்கித் தவிக்கும்பொழுது நாணயங்களின் மதிப்பு என்னவாகிறது, பணம் வைத்திருப்போர் தம் முதலை எங்கே வைப்பது என்று எவ்வாறு முடிவு செய்கின்றனர் என்பதே அப்பொருள். பெரட்டில் பெயர் கொடுத்து, மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, நிறுவைக்குக் கொண்டு செல்லும் நமக்கும் எங்கோ இருக்கும் நாடுகளின் கடனுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம்.

இதே வினாவை 2011ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வட்டாரத்து மூத்த தொழிலாளி ஒருவர் என்னிடம் கேட்டார். "ஐயா, ஆண்டின் தொடக்கத்தில் இருந்த ரப்பர் விலை இப்பொழுது பாதியளவுக்கு வந்துவிட்டது. வானொலியைத் திறந்தால் கிரேக்க நாட்டின் கடன் என்கிறார்கள். அந்நாட்டில் பால்மரமும் இல்லை. நம் ரப்பரை வாங்குகின்ற பெரிய ஆலைகளும் இல்லை. பின் ஏன் அவர்கள் பட்ட கடன் நம் தலையில் விழுகிறது?" என்றார். அன்று அவருக்கு நான் அரைகுறையாகவே விடை கூறினேன். முழு விடையையும் கூறுவதற்கு இன்று வாய்ப்புக் கிட்டியுள்ளது.

அவ்விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாடு பட்ட கடனின் சுமை எவ்வாற்றானும் மறைந்து போவதில்லை. அது எவர் தோளில் ஏற்றப்படுகிறது என்பது மட்டுமே காலத்துக்குக் காலம் மாறுகிறது. சில வேளை வேலை செய்வோர் தோளில் ஏறுகிறது. சில வேளை பணத்தைச் சேர்த்து வைத்தோர் தோளில் ஏறுகிறது. நம் தோட்டத்து மக்கள் இவ்விரண்டையும் கண்டவர்கள். ஆகவே இது நமக்கு அயலான பாடமன்று. நம் குடும்பங்களின் கதையே ஆகும்.

நாணயம் நின்றது, வேலை போயிற்று

முதலில் 1931ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். முதல் உலகப் போரில் ஐரோப்பிய நாடுகள் பட்ட கடன் அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் அவற்றை அழுத்திக்கொண்டிருந்தது. 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ந்தபின் கடன் கொடுப்பாரும் அருகினர். 1931 மே மாதத்தில் ஆஸ்திரிய நாட்டின் மிகப் பெரிய வங்கி நொடித்தது. அதனைத் தொடர்ந்து ஜெர்மானிய வங்கிகள் தடுமாறின. அச்சம் லண்டன் மாநகருக்கும் பரவியது. 1931 செப்டம்பர் 21ஆம் நாள் பிரிட்டன் தன் பவுண்டு நாணயத்திற்குத் தங்கத்தோடு இருந்த பிணைப்பை அறுத்துக்கொண்டது.

அக்காலத்தில் மலாயாவின் வெள்ளி, பவுண்டுடன் கட்டப்பட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்னி என்பது கணக்கு. இந்திய ரூபாயும் அதே பவுண்டுடன்தான் கட்டப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்னி. ஆகவே பவுண்டு தங்கத்தை விட்டு இறங்கியபொழுது நம் வெள்ளியும் ரூபாயும் அதனுடன் சேர்ந்தே இறங்கின. ஊருக்குப் பணம் அனுப்பிய தொழிலாளிக்கு ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய ஒன்றரை ரூபாய் என்ற விகிதம் மாறவில்லை.

ஆயினும் அவருக்கு அனுப்புவதற்குப் பணம் இருந்ததா என்பதே கேள்வி. மோட்டார் வண்டி வாங்குவோர் குறைந்தனர். டயர் ஆலைகள் முடங்கின. 1932ஆம் ஆண்டில் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் ஏறக்குறைய இரண்டு பென்னிக்கு வீழ்ந்தது. தோட்டங்கள் கூலியைக் குறைத்தன, ஆட்களையும் குறைத்தன. 1930 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். காடு திருத்தி, கன்று நட்டு, அம்மரங்கள் பால் தருவதையும் கண்ட பலர், வெறுங்கையோடு நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கினர்.

நாணய விகிதம் அசையாமல் நின்றது. ஆனால் வேலை போயிற்று. அம்முறை கடனின் சுமை உழைப்போரின் தோளில் ஏறியது.

வேலை நின்றது, நாணயம் தேய்ந்தது

இரண்டாவது நிகழ்ச்சி 1967ஆம் ஆண்டினது. அதனைச் சிறுவனாக இருந்து நான் நேரில் கண்டேன்.

அதுவரை மலாயா, சிங்கப்பூர், வட போர்னியோ பகுதிகள் அனைத்திற்கும் ஒரே நாணய வாரியம் வெள்ளி நோட்டுகளை வெளியிட்டு வந்தது. வெளியிட்ட நோட்டுகளுக்கு ஈடாக அவ்வாரியம் லண்டனில் பவுண்டு சொத்துகளை வைத்திருந்தது. 1967 ஜூன் 12ஆம் நாள், 1959இல் அமைக்கப்பட்ட நம் பேங்க் நெகாரா, மலேசியாவின் சொந்த நாணயத்தை வெளியிட்டது. முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான் அவர்களின் உருவம் அந்நோட்டுகளில் இருந்தது. சிங்கப்பூரும் புருணையும் அன்றே தத்தம் நாணயங்களை வெளியிட்டன. பழைய நோட்டுகளும் செல்லும், புதிய நோட்டுகளும் செல்லும், இரண்டும் ஒரே மதிப்பு என்று அறிவிக்கப்பட்டது. மக்கள் அமைதியாக மாற்றிக்கொள்ளட்டும் என்பதே ஏற்பாடு.

ஆயினும் தோட்டங்களில் பலர் மாற்றிக்கொள்ளவில்லை. என் பாட்டியாரும் அவர்களுள் ஒருவர். எங்கள் லயத்து வீட்டில் அவருக்கென்று ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி இருந்தது. அதனுள் எருமை பூட்டி உழும் படம் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டுகள் பன்னிரண்டு, துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. "பழகிய நோட்டு இருக்கும்போது பழகாத நோட்டு எதற்கு?" என்பது அவர் வாதம். என் தந்தையார் இருமுறை எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

அவ்வாண்டில் பிரிட்டன் மீண்டும் பெருந் தொல்லையில் இருந்தது. வெளிநாடுகளுக்கு விற்பதைக் காட்டிலும் மிகுதியாக வாங்கி வந்த அந்நாடு, அக்குறையை நிரப்ப 1964 முதல் பன்னாட்டு நிதியத்திடமும் பிற நாடுகளின் மத்திய வங்கிகளிடமும் கடன் பெற்று வந்தது. 1967 ஜூனில் மூண்ட அரபு இஸ்ரேல் போரினால் சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. பின்னர்த் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் வந்தது. பவுண்டில் பணம் வைத்திருந்தோர் அதனை விற்று வேறு நாணயங்களுக்கு மாறினர். இறுதியில் நவம்பர் 18ஆம் நாள் சனிக்கிழமையன்று, பிரதமர் ஹெரால்டு வில்சனின் அரசாங்கம் பவுண்டின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. இது 14.3 விழுக்காட்டு மதிப்பிறக்கம் ஆகும்.

நம் அரசாங்கம் புதிய மலேசிய வெள்ளியின் மதிப்பைக் குறைக்கவில்லை. ஆனால் பழைய நோட்டுகளுக்கு ஈடாக இருந்தது லண்டனில் கிடந்த பவுண்டு. ஈடு இறங்கியபின் நோட்டும் இறங்கியாக வேண்டும். ஆகவே பழைய ஒரு வெள்ளி, புதிய 85 காசுக்கே பெறும் என்றாயிற்று. நாடெங்கும் மக்கள் கொதித்தனர். நவம்பர் 24ஆம் நாள் பினாங்கில் கடையடைப்பு நடைபெற்றது. அது கலவரமாக மாறி ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது.

எங்கள் லயத்தில் கலவரம் இல்லை, அழுகைதான் இருந்தது. பாட்டியாரின் நூற்றிருபது வெள்ளி, நூற்றிரண்டு வெள்ளியாயிற்று. பதினெட்டு வெள்ளி போயிற்று. அக்காலக் கூலிக்கு அஃது ஏறத்தாழ ஒரு வார உழைப்பு. "பெட்டியைத் திறக்கவில்லை, எவரும் எடுக்கவில்லை, பணம் மட்டும் எப்படிக் குறைந்தது?" என்று அவர் என் தந்தையாரைக் கேட்டார். அக்கேள்வி இன்றும் என் செவியில் உள்ளது. பெட்டிக்குள் எந்தத் திருடனும் புகவில்லை. நோட்டு எதனை நம்பி நின்றதோ அது லண்டனில் இளைத்துப்போயிற்று. பாட்டியார் பிரிட்டனுக்கு ஒரு காசும் கடன்படவில்லை. ஆனால் பிரிட்டன் பட்ட கடனில் பதினெட்டு வெள்ளியை அவர் செலுத்தினார்.

அம்முறை தோட்டத்தில் வேலை நின்றது, நாணயம் தேய்ந்தது. சேமித்தோர் தோளில் சுமை ஏறியது.

பாட்டியார் செய்த பிழையை அவர் மட்டும் செய்யவில்லை என்பதையும் நான் கூறியாக வேண்டும். நம் நாட்டின் அந்நியச் செலாவணிச் சேமிப்பில் பெரும் பகுதியும் அக்காலத்தில் பவுண்டாகவே லண்டனில் இருந்தது. பவுண்டு இறங்கியதும் நாட்டின் பெட்டியும் இளைத்தது. அதன் பின் 1968இல், ஸ்டெர்லிங் வட்டார நாடுகளின் பவுண்டுச் சேமிப்பிற்குப் பிரிட்டன் டாலர் மதிப்பில் உறுதி அளித்து உடன்படிக்கைகள் செய்துகொண்டது. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. ஆயினும் நம் நாடு பாடம் கற்றுக்கொண்டது. சேமிப்பைப் பல நாணயங்களில் பகிர்ந்து வைக்கலாயிற்று. 1972 ஜூனில் பவுண்டை விட்டு அமெரிக்க டாலரை அடிப்படையாகக் கொண்டது. 1973 ஜூனில் நம் வெள்ளியைச் சந்தையின் போக்கிற்கேற்ப மிதக்கவிட்டது. ஒரே பெட்டியில் அனைத்தையும் வைத்தல் ஆகாது என்பதை என் பாட்டியாரும் நாட்டின் கருவூலமும் ஒரே ஆண்டில் கற்றனர்.

கிரேக்கத்திலிருந்து குளுவாங் வரை

இப்பொழுது மூத்த தொழிலாளி கேட்ட வினாவிற்கு வருவோம்.

1999இல் ஐரோப்பிய நாடுகள் பல ஒன்றுகூடி யூரோ என்னும் பொது நாணயத்தை ஏற்படுத்தின. 2002இல் அதன் நோட்டுகள் மக்கள் கைக்கு வந்தன. பொது நாணயம் வந்தபின் சிறிய நாடுகளும் பெரிய நாடுகளுக்கு நிகரான குறைந்த வட்டியில் கடன் பெற்றன. கடன் எளிதாயிற்று, ஆகவே பெருகிற்று. 2009 அக்டோபரில் கிரேக்க நாட்டில் பதவியேற்ற புதிய அரசாங்கம், வரவுசெலவுப் பற்றாக்குறை முன்னர்ச் சொல்லப்பட்டதைக் காட்டிலும் மிகப் பெரிது என்று வெளிப்படுத்தியது. கடன் கொடுத்தோர் திடுக்கிட்டனர். 2010 மே மாதத்தில் கிரேக்கத்திற்கு 11,000 கோடி யூரோ உதவிக் கடன் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அயர்லாந்தும், 2011 மே மாதத்தில் போர்த்துகலும் உதவி பெற்றன. 2012இல் கிரேக்க அரசாங்கப் பத்திரங்களை வைத்திருந்த தனியார், தம் பத்திரத்தின் முகமதிப்பில் பாதிக்கு மேல் இழந்தனர். அவர்களுள் வங்கிகளும் இருந்தன. அவ்வாண்டு ஜூலையில் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் மாரியோ திராகி, யூரோவைக் காக்கத் தேவையான அனைத்தும் செய்யப்படும் என்று உறுதி கூறிய பின்னரே சந்தை தணிந்தது.

1967இல் பிரிட்டன் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்துச் சுமையைப் பகிர்ந்தது. கிரேக்கத்திற்கு அவ்வழி இல்லை; ஏனெனில் அதற்குத் தனி நாணயம் இல்லை. ஆதலின் அங்கே சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன. 2013இல் அந்நாட்டு உழைப்பாளருள் நான்கு பேரில் ஒருவருக்கு மேல் வேலையற்றிருந்தனர். நாணயம் இறங்க வழியில்லையெனில் வேலையும் கூலியும் இறங்கும் என்பதற்கு இதுவே சான்று. 1931இல் நம் முன்னோர் பட்டதைக் கிரேக்கத் தொழிலாளர் அண்மையில் பட்டனர்.

அத்துயர் நம்மை வந்தடைந்த வழிகள் இரண்டு.

முதல் வழி, விலையின் வழி. உலகின் இயற்கை ரப்பரில் பெரும் பகுதி டயர்களுக்கே செல்கிறது. ஐரோப்பியர் புதிய மோட்டார் வண்டி வாங்குவதை ஒத்திப்போட்டால் டயர் ஆலை குறைவாக வாங்கும். சீனத்து ஆலைகள் ஐரோப்பாவிற்கு அனுப்பும் பண்டங்கள் குறைந்தால் அங்கும் தேவை தளரும். ரப்பரை வாங்கி விற்கும் வணிகர்களோ இவையனைத்தும் நிகழுமுன்னரே அஞ்சி விலையைக் குறைத்துவிடுவர். 2011 பிப்ரவரியில் தோக்கியோ சந்தையில் ஒரு கிலோ ரப்பர் 500 யென்னைத் தாண்டியிருந்தது. ஆண்டு முடியுமுன் அஃது ஏறக்குறைய பாதியாயிற்று. இதற்கு ஐரோப்பா ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. அவ்வாண்டு மார்ச்சில் ஜப்பானில் நேர்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வண்டி ஆலைகளை முடக்கின. முன்னர் ஏறிய விலையும் அளவுக்கு மிஞ்சியதே. எனினும் ஐரோப்பிய அச்சம் பெருங் காரணமாயிற்று. 2012 ஆகஸ்டில் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா ஆகிய மூன்று நாடுகளும் கூடி, ஏற்றுமதியில் 3,00,000 டன்னைக் குறைப்பது என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டாம் வழி, நாணயத்தின் வழி. அச்சம் வந்தால் பணம் ஓடும். ஐரோப்பாவில் இழப்புக் கண்ட வங்கிகளும் முதலீட்டாளரும், பிற நாடுகளில் போட்டிருந்த தம் பணத்தை மீட்டு, அமெரிக்க டாலரிலும் தங்கத்திலும் ஒதுங்கினர். 2011 ஜூலை இறுதியில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 2.94 வெள்ளி கொடுத்தோம். அக்டோபர் தொடக்கத்தில் அஃது ஏறக்குறைய 3.20 ஆயிற்று. நம் நாடு எந்தப் புதிய தவறும் செய்துவிடவில்லை. அயலார் வீட்டில் தீப்பிடித்தால் நம் தெருவிலும் மக்கள் மூட்டை கட்டுவர் அல்லவா? அதுவே நிகழ்ந்தது.

இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று சற்றே ஈடுசெய்வதும் உண்டு. விளங்குவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ ரப்பர் 4 டாலருக்கு விற்கிறது, டாலருக்கு 2.94 வெள்ளி என்று கொண்டால், நம் பணத்தில் 11.76 வெள்ளி. விலை 3 டாலராக வீழ்ந்து, அதே வேளையில் டாலர் 3.20 வெள்ளியாக ஏறினால், 9.60 வெள்ளி. டாலர் கணக்கில் நான்கில் ஒரு பங்கு இழப்பு. வெள்ளிக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. வெள்ளி இறங்கியமையால் விற்பவருக்கு ஒரு சிறிது ஆறுதல். ஆயினும் அதே வெள்ளியைக் கொண்டு கோதுமை மாவும் பால்மாவும் உரமும் வாங்கும்பொழுது அவற்றின் விலை ஏறியிருக்கும். ஒரு கையில் பெற்ற ஆறுதலை மறு கையால் கொடுத்துவிடுகிறோம்.

முற்காலத்தில் ரப்பர் விலை வீழ்ந்தால் விலையோடு இணைந்த கூலியும் உடனே வீழும். இன்று சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. 2013 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அப்பொழுது 900 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் அது 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. ஆயினும் கூடுதல் வேலை, ஊக்கத்தொகை, சொந்தமாக வைத்திருக்கும் சிறுதோட்டத்தின் வருவாய் ஆகியவை விலையோடு ஏறி இறங்குவனவே.

நாம் எடுக்க வேண்டிய முடிவுகள்

தோழர்களே, ஐரோப்பியக் கடனை நாம் தடுக்க இயலாது. யூரோவின் போக்கையும் டாலரின் போக்கையும் நாம் முன்னறிந்து கூறவும் இயலாது. பெரும் படிப்புப் படித்தோரும் அதில் தவறியிருக்கின்றனர். ஆனால் நம் வீட்டுப் பணத்தை எவ்வாறு வைப்பது என்பது நம் கையில் உள்ளது. அதற்கு நான்கு கருத்துகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, விலை உயர்ந்த மாதத்தின் வருவாயைக் கணக்கிட்டுத் தவணைக் கடன் வாங்காதீர்கள். 2011 பிப்ரவரி வருவாயை நம்பி வண்டிக்குத் தவணை கட்டத் தொடங்கியவர், அவ்வாண்டு டிசம்பரில் அதே தவணையைக் கட்ட வேண்டியதாயிற்று. விலை இறங்கும், தவணை இறங்காது. கிரேக்க நாடு செய்த பிழையும் இதுவே. எளிதாகக் கிடைத்த நாளில் மிகுதியாகப் பெற்றது. கடினமான நாளில் திருப்பித்தர இயலாது தவித்தது. மிகக் குறைந்த வருவாய் வந்த மாதம் எதுவோ, அம்மாதத்திலும் கட்ட இயலும் என்றால் மட்டுமே கடன் வாங்குங்கள்.

இரண்டாவது, சேமிப்பைப் பகிர்ந்து வையுங்கள். மூன்று மாதச் செலவுக்கு வேண்டிய பணம் வங்கியில் உடனே எடுக்கும் வகையில் இருக்கட்டும். மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தில் உறுப்பியம் பெற்ற வங்கி ஒன்று நொடித்தாலும், ஒருவருக்கு ஒரு வங்கியில் 2,50,000 வெள்ளி வரை காப்பு உண்டு. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியை எண்ணிப் பாருங்கள். ஐரோப்பியத் தொல்லை உச்சத்தில் இருந்த 2010இல் அது 5.80 விழுக்காடும், 2011இல் 6.00 விழுக்காடும், 2012இல் 6.15 விழுக்காடும் இலாப ஈவு வழங்கியது. காரணம் என்ன? அதன் பணம் அரசாங்கப் பத்திரம், கடனீடு, பங்கு, நிலம், கட்டடம் எனப் பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வெளிநாடுகளிலும் உள்ளது. ஒரு கிளை வாடினாலும் மறு கிளை தழைக்கும். ஆகவே சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வாய்ப்பு வரும்பொழுதெல்லாம் எடுத்துவிடுவது அறிவுடைமை ஆகாது.

மூன்றாவது, அச்சத்தில் முடிவெடுக்காதீர்கள். 2011 செப்டம்பரில் தங்கம் ஓர் அவுன்ஸ் 1,900 அமெரிக்க டாலரைத் தாண்டியது. உலகமே தங்கத்திற்கு ஓடுகிறது என்று கேட்டுப் பலர் அப்பொழுது வாங்கினர். 2013 இறுதிக்குள் அது 1,200 டாலர் அளவிற்கு இறங்கிற்று. டாலர் கணக்கில் பழைய உச்சத்தை மீண்டும் கடக்க 2020 ஆயிற்று. பின்னர்த் தங்கம் மிகவும் உயர்ந்தது உண்மையே. ஆனால் 2013இல் மகள் திருமணத்திற்காக விற்க நேர்ந்த தாய்க்கு அவ்வுயர்வினால் என்ன பயன்? தங்கம் வாங்குதல் தவறன்று. இருப்பதனைத்தையும் ஒரே நாளில், பிறர் ஓடுவதைக் கண்டு, தங்கமாக்குவதே தவறு. அச்சம் பரவும் நாட்களில்தான் மோசக்காரரும் தோட்டத்து வாயிலில் வந்து நிற்பர். "யூரோ விழுகிறது, டாலர் ஏறுகிறது, எங்களிடம் கொடுத்தால் மாதம் பத்து விழுக்காடு" என்பர். பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் இத்தகையோரைப் பற்றிய எச்சரிக்கைப் பட்டியல்களை வெளியிடுகின்றன. கையெழுத்திடுமுன் உங்கள் பிள்ளைகளை அப்பட்டியல்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது, ஜொகூர் மக்களுக்கே உரியது. பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்வோர் நம் தோட்டக் குடும்பங்களில் மிகுந்துள்ளனர். 1973 மே 8ஆம் நாள் வரை சிங்கப்பூர் வெள்ளியும் நம் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாக மாறின. இன்று அங்குள்ள ஒரு வெள்ளிக்கு இங்கே மூன்று வெள்ளிக்கு மேல் கிடைக்கிறது. இது நம் பிள்ளைகளுக்கு நன்மையாக இருக்கிறது. ஆயினும் மாற்று விகிதம் நிலையானதன்று. இன்றைய விகிதத்தை நம்பி முப்பதாண்டு வீட்டுக் கடனை எடுக்குமுன், விகிதம் இறங்கினால் என்ன செய்வோம் என்று ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் ஈட்டுவோருக்கு ஒரு தொழிற்கல்விச் சான்றிதழும் இருந்தால், அதுவே எந்த நாணயத்திலும் தேயாத முதல்.

நண்பர்களே, முதலீடு என்பது செல்வருக்கே உரியது என்று எண்ண வேண்டா. விடுதலைக்குப் பின் ஐரோப்பிய முதலாளிமார் பலர் தம் தோட்டங்களை விற்க முடிவு செய்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, தொழிலாளர் தெருவிற்கு வந்தனர். அப்பொழுது 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில், கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் முதலாகத் தோட்டங்களை அச்சங்கம் வாங்கியது. அயலார் எடுத்த முதலீட்டு முடிவிற்கு, நம்மவர் தம் சிறு சேமிப்பைக் கொண்டே மறுமொழி கூறினர். இன்று ஜொகூரில் பால்மரங்கள் பல செம்பனைக்கு இடம் கொடுத்துவிட்டன. மரம் மாறினும் அவ்வழி மாறவில்லை.

இறுதியாக என் பாட்டியாரைப் பற்றி ஒரு சொல். நூற்றிரண்டு வெள்ளியைக் கையில் வாங்கியபின் அவர் பல நாள் எவருடனும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் காலை, சேலையை உடுத்திக்கொண்டு, "அஞ்சலகத்துக்கு அழைத்துப் போ" என்று என் தந்தையாரிடம் கூறினார். அங்கே தம் பெயரில் ஒரு சேமிப்புப் புத்தகம் தொடங்கினார். 1974 டிசம்பரில் அந்த அஞ்சலகச் சேமிப்பு வங்கியே தேசிய சேமிப்பு வங்கியாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத அவர், மாதந்தோறும் அப்புத்தகத்தை என்னிடம் கொடுத்து எண்களை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். தகரப் பெட்டியில் அதன்பின் வெற்றிலை பாக்குத்தான் இருந்தது.

அவருக்குப் பதினெட்டு வெள்ளி கொடுத்துக் கற்க நேர்ந்த பாடம் இது. உங்களுக்கு அது செலவின்றிக் கிடைக்கட்டும் என்பதே என் விருப்பம்.